விமானத்தில் தூங்க ஒரு சிபாப்: ரெஸ்மெட் ஏர்மினி

தூங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும் கோளாறு எனக்கு உண்டு. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைக்கும் சிபாப் மெஷினைப் போட்டுத்தான் தூங்குகிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வருவதற்காகவே ரெஸ்மெட் கம்பெனியின் சின்ன சிபாப்பான ஏர்மினியை வாங்கினேன். திருச்சியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பது அதே கம்பெனியின் ஏர்சென்ஸ் 10. இரண்டையும் போட்டுத் தூங்குகிறவள் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விமானத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும் என்றால் ஏர்மினியை வாங்கலாம். போய் இறங்கிய ஊரில் மட்டும் போட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இந்தச் செலவு வேண்டாம், வீட்டு மெஷினையே கையில் எடுத்துப் போங்கள்.

ஒரு ராத்திரிதானே, விமானத்தில் எதற்கு என்று என் வீட்டுக்காரரே கேட்டார். பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஊட்டியே ஏழாயிரத்துச் சொச்சம் அடிதான். நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கே ரத்தத்தில் ஆக்சிஜன் கொஞ்சம் இறங்கும் உயரம் அது. அங்கே உட்கார்ந்தபடி, தாடை நெஞ்சில் இடிக்கத் தூங்கினால் தொண்டை இன்னும் சுலபமாக அடைத்துக்கொள்ளும். வளைகுடாவில் மாறி நியூயார்க் போனால் இரண்டாவது விமானம் மட்டுமே ஏறக்குறைய 14 மணி நேரம். அவ்வளவு நேரமும் கண் விழித்து உட்கார என் வயதில் முடியாது, முடியவும் வேண்டாம்.

மெஷின் உள்ளங்கையில் அடங்குகிறது. எடை 300 கிராம். காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியோடு சேர்ந்த ஏர்சென்ஸ் 10 ஒன்றே கால் கிலோ. ஆனால் விமானத்தில் எடையைவிட முக்கியம் கரண்ட். ஏர்சென்ஸின் அடாப்டர் 90 வாட், இதனுடையது 20 வாட். சீட்டுக்கடியில் இருக்கும் பிளக் பாயின்ட் பெரும்பாலும் 75 வாட்டைச் சுற்றித்தான் தரும். அதற்கு மேல் இழுத்தால் தானாகவே அணைந்துவிடும். வீட்டு மெஷினை அந்தத் தொட்டியின் சூட்டை அணைத்துவிட்டு ஓட்டினால் ஒருவேளை தாங்கலாம். ஏர்மினிக்கு அந்தச் சந்தேகமே இல்லை.

தண்ணீர் தேவைப்படாதது இன்னொரு பெரிய நிம்மதி. ட்யூபும் மாஸ்க்கும் சேரும் இடத்தில் ஹ்யூமிட்எக்ஸ் என்று சின்னதாக, வட்டமாக ஒரு துண்டை வைக்க வேண்டும். நாம் வெளியே விடும் மூச்சில் உள்ள ஈரத்தையும் சூட்டையும் அது பிடித்துவைத்து, அடுத்த மூச்சை இழுக்கும்போது திருப்பிக் கொடுக்கும். விமானக் காற்று ரொம்பவே வறண்டது, அதனால் சாதாரண ஹ்யூமிட்எக்ஸ் வேண்டாம், ஹ்யூமிட்எக்ஸ் பிளஸ் கேட்டு வாங்குங்கள். பிளஸ் போட்டுத் தூங்கி எழுந்தபோது மூக்கு காய்ந்திருக்கவில்லை, தொண்டையிலும் கரகரப்பு இல்லை. வாயைத் திறந்து தூங்குகிறவர்களுக்கு இந்தப் பலன் கிடைக்காது, ஈரமெல்லாம் வாய் வழியாகவே போய்விடும். உறையைப் பிரித்தால் 30 நாள் வரைக்கும்தான் பயன்படுத்தலாம். திருச்சியில் நான் கேட்ட மருந்துக் கடைகளில் இது கிடைக்கவில்லை, சென்னையிலிருந்துதான் வரவழைக்கிறேன். நாலைந்து கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வருத்தம் மாஸ்க் விஷயத்தில்தான். கம்பெனி தன் சொந்த மாஸ்க்குகளில் சிலவற்றுக்கு மட்டுமே இணைப்பு கொடுக்கிறது. வேறு கம்பெனி மாஸ்க்கில் பழகியவர்கள் வெளியார் செய்யும் அடாப்டரைத் தேட வேண்டும். அதைப் போட்டால் பெரும்பாலும் ஹ்யூமிட்எக்ஸ் வசதி போய்விடும். வீட்டில் நான் போடுவது ரெஸ்மெட்டின் என்20 மூக்கு மாஸ்க் என்பதால், அதன் குஷனையும் தலைப்பட்டியையும் அப்படியே மாற்றிக்கொள்ள முடிந்தது. மூச்சுக்கருவி போடுகிறவர்களுக்குப் பொருந்தும் மாஸ்க் அமைவதே பெரும்பாடு. அதை ஒரு கம்பெனியின் பட்டியலுக்குள் அடைப்பது நியாயமில்லை. பிரீஸ் கம்பெனியின் இஸட்2 இதே எடைதான், சாதாரண ட்யூபையே ஏற்கும். மாஸ்க்கை மாற்ற மனமில்லாதவர்கள் அதையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சத்தம் வீட்டு மெஷினைவிட அதிகம். விமான இரைச்சலில் பக்கத்து சீட்காரருக்குக்கூட ஒன்றும் கேட்காது. மகள் வீட்டின் அமைதியான அறையில் ஒவ்வொரு மூச்சுக்கும் ட்யூபில் உஸ் உஸ் என்று கேட்டது. ட்யூபைப் போர்வைக்கடியில் விட்டபிறகு பரவாயில்லை.

இனி விமானக் கம்பெனி. அமெரிக்கா போகும் விமானங்களுக்கு அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் விதி தெளிவாகவே இருக்கிறது. விமானத்தில் சிபாப் பயன்படுத்த விடவேண்டும், ஆனால் 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்கச் சொல்லலாம். பயண நேரத்தைப்போல ஒன்றரை மடங்குக்குப் பேட்டரி கொண்டுவரும்படியும் கேட்கலாம். 14 மணி நேரப் பயணத்துக்கு 21 மணி நேரப் பேட்டரி! நான் போன விமானக் கம்பெனியின் கால் சென்டரில் ஒருவர் ஒன்றுமே தேவையில்லை என்றார். இன்னொருவர் டாக்டர் கையெழுத்தோடு மெடிஃப் என்ற உடல்நிலை விவரப் படிவம் வேண்டும் என்றார். மூன்றாவதாகப் பேசிய பெண்ணுக்கு சிபாப் என்றால் என்னவென்றே தெரியவில்லை. மூச்சு சம்பந்தப்பட்ட விஷயத்தில் பயணியை இப்படி அலைக்கழிக்கக் கூடாது. போனில் சொல்வதை நம்பாதீர்கள், மெஷினின் மாடல் பெயரோடு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பேட்டரி இல்லாமல் சீட் பிளக்கை மட்டும் நம்பவும் கூடாது. ஏர்மினிக்கு உள்ளே பேட்டரி கிடையாது. நடு ராத்திரியில் என் காலுக்கடியில் இருந்த பிளக் பாயின்ட்டில் அடாப்டரின் பின் லூசாகிக் கழன்றது. காற்று நின்றதும் மாஸ்க்குக்குள் குப்பென்று புழுங்கியது, திடுக்கிட்டு எழுந்துவிட்டேன். அழுத்தினால் பிடிக்கிறது, காலை அசைத்தால் மறுபடியும் விடுகிறது. அப்புறம் மெடிஸ்ட்ராம் பைலட்-24 லைட் பேட்டரியில் மாட்டி விடியும்வரை தூங்கினேன். 100 வாட்-அவருக்குள் அடங்கும் பேட்டரி என்பதால் அதைக் கொண்டுபோக விமானக் கம்பெனியிடம் தனி அனுமதி தேவைப்படவில்லை. 100 முதல் 160 வரை என்றால் அனுமதி வாங்க வேண்டும், இரண்டுக்கு மேல் விடமாட்டார்கள். எந்த லித்தியம் பேட்டரியானாலும் கைப்பையில்தான், பெரிய பெட்டியில் போடவே கூடாது. பவர் பேங்க் பயன்படுத்துவதையே இப்போது சில கம்பெனிகள் தடுக்கின்றன. அதனால் இது மருத்துவக் கருவிக்கான பேட்டரி என்பதையும் அந்த மின்னஞ்சலிலேயே குறிப்பிடுங்கள்.

சென்னையில் பாதுகாப்புச் சோதனையில் இருந்த பெண் அதிகாரி மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னம்மா இது, நெபுலைசரா?”

“இல்லீங்க மேடம், சிபாப். தூங்கறப்ப மூச்சு நின்னுடும், அதுக்கு.”

“எங்க அப்பாவும் பயங்கரமா குறட்டை விடுவாரு. அவருக்கும் இது வேணுமா?”

தூக்கத்தில் மூச்சு எப்படிப் போகிறது என்று அளந்து பார்க்கும் ஸ்லீப் ஸ்டடி செய்து பார்க்கச் சொன்னேன். வரிசை நகரும்வரை, எந்த டாக்டரிடம் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திரும்பும்போது நியூயார்க்கில் மெஷினைப் பையிலிருந்து எடுத்துத் தனி ட்ரேயில் வைக்கச் சொன்னார்கள், மாஸ்க்கும் ட்யூபும் பைக்குள்ளேயே இருக்கலாம். பல பேருடைய செருப்பு போய்வந்த ட்ரே அது. நான் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையோடு கொண்டுபோய், மெஷினை அதில் போட்டுத்தான் வைத்தேன். அதற்கு அனுமதி உண்டு, யாரும் ஆட்சேபிக்கவில்லை.

மெஷினை முன்சீட்டின் பையில் செருகி வைக்கலாம். காற்றை உள்ளே இழுக்கும் பக்கத்தைப் போர்வை மூடாமல் பார்த்துக்கொண்டால் போதும். திரை கிடையாது, எல்லாம் போன் ஆப்பில்தான். வீட்டிலேயே ஆப்பை இணைத்துப் பழகிவிடுங்கள். ஃபிளைட் மோடில் போட்டபிறகு ப்ளூடூத்தை மட்டும் ஆன் செய்தால் வேலை செய்கிறது. போன் சார்ஜ் தீர்ந்தாலும் மெஷினில் உள்ள பட்டனை அழுத்தி ஓட்டலாம்.

விலை என் ஏர்சென்ஸைவிட அதிகம்தான். வருடத்தில் ஒருமுறை பெங்களூரோ டெல்லியோ போய்வருகிறவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். அவர்கள் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கொட்டித் துடைத்து, வீட்டு மெஷினை அதன் பையோடு கைச்சாமானாக எடுத்துப் போகட்டும். அமெரிக்க விதிப்படி அது கைச்சாமான் கணக்கில் சேராது. இங்கே உள்நாட்டில் எப்படி என்று டிக்கெட் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.