ஏழு சபைகளா, பவுல் போன வழியா: துருக்கிக்கு முதலில் போவதா, கிரீஸுக்கா?

இஸ்ரேலுக்குப் புனிதப் பயணம் போய் வந்த குழுக்களில் அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு சபைகள் இருந்த மேற்குத் துருக்கியா, பவுல் பிலிப்பியிலிருந்து கொரிந்து வரை போன கிரீஸா? ஒன்றுக்குத்தான் பணமும் லீவும் இருக்கிறது என்றால் துருக்கி என்பேன்.

காரணம் எபேசு, அந்த ஏழில் ஒரு சபை இருந்த ஊர். செல்சுஸ் நூலகத்தின் முகப்பு, பளிங்குத் தெரு, அப்புறம் சுமார் 25,000 பேர் உட்காரக்கூடிய அரங்கு. "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று இரண்டு மணி நேரம் கூட்டம் கத்தியது அங்கேதான், அதன் படிகளில் உட்கார்ந்து அப்போஸ்தலர் 19ஐ ஒருவர் சத்தமாக வாசித்தாலே போதும், கைடு பேச வேண்டியதில்லை. உலக அதிசயம் ஏழில் ஒன்றான அந்தத் தியானாள் தேவியின் கோயிலில் இன்று நிற்பது ஒரே ஒரு தூண்.

ஏழில் இன்னொன்றான லவோதிக்கேயாவை அவசரமாகக் கடக்காதீர்கள். அங்கே நின்றால் எதிரே பாமுக்கலேயின் வெள்ளைச் சரிவு தெரியும், அது வெந்நீர் ஊற்று. இன்னொரு பக்கம் கொலோசெயின் குளிர்ந்த தண்ணீர். லவோதிக்கேயாவுக்குக் குழாயில் வந்த தண்ணீரோ உள்ளே சுண்ணாம்பு படிய வைத்தது, அந்தக் கல் குழாய்களை இப்போதும் பார்க்கலாம். "குளிருமின்றி அனலுமின்றி" என்று வெளிப்படுத்தின விசேஷம் அந்தச் சபைக்குச் சொல்லும் வசனத்தை இந்தத் தண்ணீரோடு சேர்த்துப் படிப்பவர்கள் பலர். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

ஏழும் ஒரே தரமல்ல. சிமிர்னா இஸ்மிர் நகரத்துக்குள் அடங்கிவிட்டது, பிலதெல்பியாவில் பிற்காலத்துத் தேவாலயத்தின் சில தடித்த தூண்கள்தான் மிச்சம். பெர்கமு மலைக்கு ரோப் கார் உண்டு, ஆனால் அதன் புகழ்பெற்ற பலிபீடத்தை பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆகவே ஏழையும் இரண்டு நாளில் காட்டுகிறோம் என்றால் பஸ்ஸில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். எபேசுக்கு எத்தனை மணி நேரம் என்று ஏஜென்டிடம் கேளுங்கள், மூன்றுக்குக் குறைந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கிரீஸின் பலம் வரிசை. நெயாப்போலி, பிலிப்பி, தெசலோனிக்கே, பெரோயா, அத்தேனே, கொரிந்து என்று அப்போஸ்தலர் 16 முதல் 18 வரை அதிகாரம் அதிகாரமாகப் போகலாம். ஆனால் தூரம் அதிகம், தெசலோனிக்கேயிலிருந்து அத்தேனேக்கு மட்டும் சுமார் 500 கிலோமீட்டர். அத்தேனேயில் பவுல் பேசிய மார்ஸ் மேடையின் பாறை வழவழவென்று வழுக்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே நின்று வாசிக்கலாம். கொரிந்துவில் ரோம அதிபதி கல்லியோன் முன் பவுலை நிறுத்திய நியாயாசனத்தின் அடித்தளம் இருக்கிறது, கிரீஸில் என்னை அதிகம் நெகிழ வைப்பது அதுதான்.

விசாவையும் பாருங்கள். கிரீஸுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்குத் துருக்கியின் இ-விசா, செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க, பிரிட்டிஷ் விசா போல ஒன்று கையில் இருந்தால்தான் கிடைக்கும்.

ஏழில் ஒன்றான தியத்தீரா இன்று அக்கிசார் கடைத்தெரு நடுவே வேலி போட்ட சிறு இடம், அரை மணியில் முடிந்துவிடும். அந்த ஊர்க்காரியான, இரத்தாம்பரம் என்ற ஊதாத் துணி விற்ற லீதியாளை நினைக்க நல்ல இடம் கிரீஸில்தான் இருக்கிறது. பிலிப்பிக்கு வெளியே, அவள் ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்லப்படும் சிற்றாற்றங்கரையில், தண்ணீருக்குப் பக்கத்திலேயே உட்காரப் படிகள் கட்டியிருக்கிறார்கள்.