ஓடாத வண்டியை எடுக்கப் போலீஸா, காயலான் கடையா, ஸ்கிராப் மையமா?

எங்கள் கீழக்கரைத் தெருமுனையில் ஒரு மாருதி ஆம்னி வேன் நிற்கிறது. நிற்கிறது என்பதே மரியாதைக்குச் சொல்வது, நாலு டயரும் மண்ணில் அமுங்கி, கதவுக்கு அடியில் தகடு உப்புக்காற்றில் அப்பளமாய்ப் பொரிந்து, விரல் பட்டால் உதிர்கிறது. அடியில் ஆடுகள், மழை பெய்தால் உள்ளே கொசு. வண்டிக்காரர் துபாயில்.

முதல் வழி போலீஸ். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் ஆளில்லாமல் 10 மணி நேரம் கிடந்தாலே வண்டியை இழுத்துப் போகச் சொல்ல சீருடையில் இருக்கும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு, இழுவைக் கூலியும் உரிமையாளர் தலையில்தான். 10 மணி நேரமாம்! இந்த ஆம்னி இங்கேயே இரண்டு நோன்புப் பெருநாள் பார்த்துவிட்டது. எடுக்கலாம் என்கிறது சட்டம், எடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. நான் மனு கொடுத்த அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டியது. ஆனாலும் அடுத்தவர் வண்டி என்றால் இதுதான் வழி, நாமே தூக்கினால் திருட்டுக் கேஸ்.

சொந்த வண்டி என்றால் காயலான் கடைதான் சுலபம். காலையில் போன் போட்டால் மதியம் குட்டியானை வந்துவிடும், கையில் காசு. சிக்கல் அப்புறம்தான். இரும்பு போய்விடும், டிஎன் 65 நம்பர் மட்டும் ஆர்டிஓ பதிவேட்டில் உங்கள் பெயரில் உயிரோடு இருக்கும். அந்த நம்பரை எவனாவது வேறு வண்டியில் மாட்டிக்கொண்டு எங்காவது இடித்தால் போலீஸ் தேடி வருவது உங்கள் வாசலுக்கு. வண்டி இனி ஓடாது என்றால் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்சி புக்கை ஒப்படைக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது, யார் செய்கிறார்கள்?

பழைய வண்டிகளை முறைப்படி உடைக்க அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் இந்தத் தலைவலி இல்லை. இந்த மையங்களுக்கான 2021 மத்திய விதிகளின்படி, திருட்டு வண்டியா என்று பதிவில் பார்த்துத்தான் எடுப்பார்கள், ஒப்படைத்ததற்குச் சான்றிதழும் உண்டு. அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் சொந்த உபயோக வண்டிக்கு 25 சதவீதம் வரையிலும் வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரையிலும் சாலை வரிச் சலுகை தர மத்திய விதிகளில் இடமிருக்கிறது. பக்கத்தில் மையம் இல்லையென்றால் ஏற்றிப்போகும் வாடகை இரும்பு விலையைத் தின்றுவிடும், அது ஒன்றுதான் குறை. கார் என்றால் அதையும் தாங்கிக்கொண்டு இங்கேதான் விடுவேன்.

ஆம்னிக்காரருக்கு இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “இருக்கட்டும் காக்கா, அடுத்த லீவுக்கு வந்து ஒரு பேட்டரி போட்டா ஓடிடும்” என்கிறார். (காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.)