கென்யாவா, தான்சானியாவா, மூன்று நாட்டு விசாவா? பாளையங்கோட்டையில் போட்ட கணக்கு

அக்காவுக்கும் அத்தானுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். சிங்கத்தைக் கூண்டுக்கு வெளியே பார்க்க வேண்டும் என்பது அத்தானின் ரொம்ப நாள் ஆசை. அவர்கள் இரண்டு பேர், நானும் என் மனைவியும், ஆக நான்கு டிக்கெட். விசா வேலை மட்டும் என் தலையில் விழுந்தது.

"அங்க போயி எறங்கி வாங்கிக்கிடலாம்லா மாப்ளே?" என்று அத்தான் முதல் நாளே கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

கென்யாவுக்கு விசாவே வேண்டாம் என்று ஊரில் பாதிப்பேர் சொல்வார்கள். 2024 ஜனவரியோடு விசாவை எடுத்துவிட்டார்கள் என்பது சரி. அந்த இடத்தில் இ.டி.ஏ. என்று ஒரு மின்னணுப் பயண அனுமதி வந்து உட்கார்ந்துவிட்டது. அதைக் கிளம்பும் முன்பே வாங்க வேண்டும். இல்லாவிட்டால் இங்கேயே போர்டிங் பாஸ் தரமாட்டார்கள். ஆளுக்கு 30 டாலர், கார்டுக்கு வங்கி பிடிக்கும் காசு தனி. கேட்பது கொஞ்சம்தான்: பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், போட்டோ, விமான விவரம், தங்குமிடத்தின் பதிவு. மூன்று வேலை நாள் என்று சொல்கிறார்கள். குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் நம் பீரோவை விட்டு நகர வேண்டியதில்லை.

அத்தான் சொன்ன 'போய் இறங்கி வாங்குவது' தான்சானியாவில் நடக்கும். தார் எஸ் சலாம், கிளிமஞ்சாரோ, சான்சிபார் விமான நிலையங்களில் இந்தியர்களுக்கு 50 டாலருக்கு விசா தருகிறார்கள். இணையத்தில் முன்கூட்டி எடுத்தாலும் அதே 50தான். அப்படியானால் எதற்கு முன்கூட்டி எடுப்பானேன்? வளைகுடாவில் விமானம் மாறி, தூக்கம் கெட்டு இறங்கும் நேரத்தில், அக்காவின் முட்டி வலியோடு இன்னொரு வரிசையில் நிற்க எனக்கு மனமில்லை. கையில் டாலர் நோட்டு வேறு வேண்டும். 2006-க்கு முந்தைய அச்சு என்றால் அங்கே பல இடங்களில் வாங்கமாட்டார்கள். இணைய விசாவுக்குப் பத்து நாள் வரை ஆகலாம் என்பதால் கடைசி வாரத்தில் ஆரம்பிக்கக் கூடாது, அவ்வளவுதான். சான்சிபார் கடற்கரையும் திட்டத்தில் இருந்தால் ஆளுக்கு இன்னொரு 44 டாலர் எடுத்து வையுங்கள். 2024 அக்டோபரிலிருந்து அந்தத் தீவுக்குப் போகிறவர்கள் தீவு அரசின் காப்பீட்டையே வாங்கியாக வேண்டும். நம்மூரில் எடுத்த பாலிசியைக் காட்டினால் செல்லாது.

என்னை அதிகம் சுற்றவிட்டது மூன்று நாட்டு விசாதான். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து 100 டாலர். 90 நாளுக்குள் அந்த மூன்றுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம். கேட்டதும் லாபம் போலத் தோன்றும். பேப்பரில் போட்டுப் பார்த்தேன். கென்யா 30, உகாண்டா 50. ருவாண்டா? காமன்வெல்த் நாட்டவருக்கு 30 நாள் விசாவை இறங்கும் இடத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள், இந்தியாவும் அதில் சேர்த்தி. ஆக, தனித்தனியாக எடுத்தாலே 80 டாலரில் முடிகிறது. அப்படியானால் 100 கொடுப்பது வீண்தானே என்றால், அதுவும் முழுக்க அப்படியில்லை. நைரோபியில் இறங்கி, உகாண்டாவில் கொரில்லா பார்த்து, திரும்ப நைரோபி வந்து ஊருக்கு விமானம் ஏறுகிறவர்களுக்கு அந்தப் 'போய்வரும்' வசதி நிம்மதி. எந்த நாடு விசா கொடுத்ததோ, அந்த நாட்டில்தான் முதலில் நுழைய வேண்டும் என்பது நிபந்தனை.

இதில் விழும் பெரிய குழி, தான்சானியா இந்தக் கூட்டில் இல்லை என்பது. கென்யாவின் மாசாய் மாராவும் தான்சானியாவின் செரெங்கெட்டியும் ஒரே புல்வெளியின் இரண்டு பக்கம். வில்டபீஸ்ட் என்ற காட்டு மான் மந்தைகள் எந்தத் தாளும் இல்லாமல் எல்லையைக் கடக்கின்றன. நாம் கடந்தால் தனி விசா, தனிக் காசு.

தென்னாப்பிரிக்காவையும் ஒரு மாலை விசாரித்தேன். நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போய், விண்ணப்ப மையத்தில் கைரேகை வைத்து, மூன்று மாத வங்கிக் கணக்கோடு பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்றார்கள். அத்தான் கடையை இரண்டு நாள் பூட்டமாட்டார். அதோடு அது முடிந்தது.

ஏஜென்ட்டா, நாமே செய்வதா என்பதில் எனக்குக் குழப்பமில்லை. ஜங்ஷன் பக்கம் ஒருவர் கென்யா அனுமதிக்கு ஆளுக்கு 6,000 ரூபாய் கேட்டார். அரை மணி நேரப் படிவத்துக்கு அது அதிகம். தென்னாப்பிரிக்கா மாதிரி தாள் கட்டு கேட்கிற நாடென்றால் கொடுக்கலாம். நாமே செய்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. கூகுளில் முதலில் வந்த பக்கத்தில் எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டே போனேன். சிங்கம், கொடி, முத்திரை எல்லாம் இருந்தன. காசு கட்டும் இடத்தில் 90 டாலர் என்று வந்ததும்தான் முகவரியைப் பார்த்தேன்: 'டாட் காம்'. கென்யாவின் அரசுத் தளம் 'ஜிஓ.கேஇ' என்று முடியும், தான்சானியாவினது 'ஜிஓ.டிஇசட்' என்று. முதலில் அந்த வாலைப் பாருங்கள், அப்புறம் படத்தைப் பார்க்கலாம்.

எந்த நாட்டை எடுத்தாலும் நம்மவர்கள் இடறும் இடம் பெயர்தான். வாழ்நாள் முழுக்க இனிஷியலோடு ஓட்டியவர்களுக்குச் 'சர்நேம்' என்ற கட்டம் என்றைக்குமே தலைவலி. அத்தானின் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி. டிக்கெட் போட்டவர், கடைசிப் பக்கத்தில் இருந்த அப்பா பெயரை எடுத்து அங்கே சொருகிவிட்டார். நான் அனுமதிப் படிவத்தை முதல் பக்கத்தைப் பார்த்து நிரப்பினேன். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்! பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரி இருக்கிறதே, அதில் இருப்பதுதான் கணக்கு. டிக்கெட்டைத் திருத்த அபராதம் கட்டினோம். கையில் நேரம் இருப்பவர்கள் அப்பா பெயரைச் சர்நேமாகப் பிரித்துப் புதுப் பாஸ்போர்ட் வாங்கிவிடலாம். சேவை மையம் திருநெல்வேலியிலேயே இருக்கிறது. அத்தான் பத்தாவது தேறாதவர் என்பதால் ஈ.சி.ஆர். வகைப் பாஸ்போர்ட், அதாவது பட்டியலில் உள்ள சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வாங்க வேண்டிய வகை. அதற்குப் பயந்துகொண்டிருந்தார். அந்தப் பட்டியலில் உள்ள 18 நாடுகளில் கென்யாவும் இல்லை, தான்சானியாவும் இல்லை.

கடைசியில் கென்யா மட்டும் என்று முடிவெடுத்தோம். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மந்தைகள் மாரா பக்கம் இருக்கும். குற்றாலச் சீசன் முடிந்ததும் கிளம்பலாம் என்று திட்டம்.

விசா இல்லாத இன்னொரு தாளும் வேண்டும்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை. கென்யாவிலிருந்து இது இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டைக்கு உயிர் வரும். அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அங்கீகாரம் உள்ள மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். முட்டை அலர்ஜி இருந்தாலோ, அறுபது வயது தாண்டியிருந்தாலோ முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சென்னையில் ஒரு கல்யாணம் இருந்ததால், நாங்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலேயே போட்டுக்கொண்டோம்.

அனுமதி மூன்றாம் நாள் மின்னஞ்சலில் வந்தது. அக்கா இப்போது அல்வாவை எதில் கட்டுவது என்ற யோசனையில் இருக்கிறாள். 2017 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, அட்டைப் பெட்டிதான் என்று சொல்லியிருக்கிறேன். அத்தான் வண்ணார்பேட்டையில் நான்கு பேர் அனுமதியையும் கலரில் பிரின்ட் எடுத்து லேமினேட் போட்டு வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டால், "சிங்கம் கேட்டா காட்டணும்லா" என்கிறார்.