மட்டக்களப்பில் சைவமாகச் சாப்பிட: சைவக் கடையா, சாப்பாட்டுக் கடையா, வீட்டுச் சமையலா?

வேலை காரணமாக மூன்று மாதம் மட்டக்களப்பில் தங்க வேண்டும் என்றதும், யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "அங்கே நீ என்னத்தைச் சாப்பிடுவாய்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஒரு பக்கம் கடல், நடுவில் வாவி. மீனும் இறாலும் நண்டும் இல்லாமல் சோறு இறங்காத ஊர் அது. சற்றுத் தெற்கே போனால் காத்தான்குடியின் இறைச்சிக் கறியும் பிரியாணியும். எனக்கோ பிறந்ததிலிருந்து மச்சம் (மீன், இறைச்சி) கிடையாது, முட்டையும் கிடையாது.

மூன்று வழிகள் இருந்தன: எல்லாம் சமைக்கும் சாப்பாட்டுக் கடையில் மரக்கறிச் சோறு கேட்பது, சைவக் கடைக்கே போவது, யாராவது ஒரு வீட்டில் சாப்பாட்டுக்கு ஒழுங்கு செய்வது. மூன்றையும் செய்து பார்த்தேன்; என் தேர்வு சைவக் கடைதான். விலை எனக்குப் பெரிய காரணமாக இருக்கவில்லை; மரக்கறிச் சாப்பாடு எங்குமே மச்சச் சாப்பாட்டைவிட மலிவுதான். சுவை என்று பார்த்தால் வீடு முதலில் வரும். ஆனாலும் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. அது மாசிக் கருவாடு.

முதலில் கல்லடியில் தங்கினேன், கடற்காற்றுக்கு ஆசைப்பட்டு. பக்கத்துக் கடையில் மரக்கறிச் சோறு கேட்டேன். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வல்லாரைச் சம்பல், அப்பளம். பார்த்தால் எங்கள் வீட்டுக் கோப்பை போலவே இருந்தது. பாதி சாப்பிட்ட பிறகு வல்லாரைக்குள் மரச்சீவல் போல ஒரு பழுப்புத் துண்டு விரலில் தட்டுப்பட்டது. நசுக்கிப் பார்த்தேன், நார் நாராகப் பிரிந்தது. பரிமாறிய பெரியவரிடம் கேட்டேன். "மாசி என்ன மீனா மனே? ஒரு வாசத்துக்குப் போடுவதுதானே" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே தட்டை எடுத்துக்கொண்டு போனார், காசும் வாங்கவில்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. மாலைதீவிலிருந்து வரும் மாசி, சூரை மீனை அவித்து, புகைபோட்டு, கட்டைபோல இறுகும்வரை வெயிலில் காயவைத்தது. இலங்கைச் சமையலறைகளில் அதற்குக் கடுகு, பெருஞ்சீரகத்தின் இடம். தேங்காய்ச் சம்பலில் இடித்துப் போடுவார்கள், கீரையில் தூவுவார்கள், சிலர் பருப்பையும் அதோடு தாளிப்பார்கள். சீனிச் சம்பல் அது இல்லாமல் அநேகமாக வராது. ஆகவே பேக்கரியில் பாவம்போல இருக்கும் சீனிச் சம்பல் பணிசும் சைவம் அல்ல. மீன் துண்டு என்றால் கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிவிடலாம். இடித்த மாசி தெரியாது.

அதனால் சாப்பாட்டுக் கடையில் "சைவமா?" என்று கேட்பதில் பயனில்லை. "மாசி போட்டதா?" என்று கேளுங்கள், ஒவ்வொரு கறிக்கும் தனித்தனியாக. அதற்குப் பிறகும் அகப்பை இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது. இறால் வடை பொரித்த எண்ணெயிலேயே பருப்பு வடையும் பொரியும். மரக்கறிக் கொத்து ரொட்டி கேட்டால், சற்றுமுன் மாட்டிறைச்சிக் கொத்துப் போட்ட அதே கல்லில்தான் கொத்துவார்கள். கேட்காவிட்டால் மேலே ஊற்றும் ஆணம் கோழியாகவும் இருக்கலாம். துண்டு இல்லாவிட்டால் போதும் என்பவர்களுக்கு இது ஒரு தடையல்ல, அவர்கள் எங்கும் நன்றாகச் சாப்பிடலாம். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் நானும் கேட்டுக் கேட்டுச் சமாளித்திருப்பேன். மூன்று மாதம், மூன்று வேளையும் ஒருவரை விசாரணை செய்துகொண்டு சாப்பிட என்னால் முடியவில்லை.

இரண்டாவது வாரமே கல்லடியை விட்டு நகரத்துக்குள், புளியந்தீவுக்கு மாறினேன். கடற்காற்று போனது, நடக்கும் தூரத்தில் சைவக் கடை வந்தது. முதல் நாள் காலை இடியப்பம், சொதி, சம்பல். அந்தச் சம்பல் செக்கச்செவேலென்று இருந்தது: கொச்சிக்காய், வெங்காயம், உப்பு, தேசிக்காய்ப் புளி, வேறொன்றுமில்லை. எதையும் கேட்காமல் விரலை வைத்த அந்த நிமிடத்தில் எவ்வளவு ஆறுதல்! மத்தியானம் வாழையிலையில் சோறு, பின்னேரம் உளுந்து வடையும் தேநீரும். தோசை முறுகலாக வேண்டும் என்றால் சொன்னால் போதும். அடுப்படிக்குள்ளேயே மச்சம் வராது என்பதால் அகப்பையைப் பற்றிய கவலையும் இல்லை.

குறைகளும் உண்டு. மூன்றாம் வாரத்தில் மத்தியானக் கறிகள் மனப்பாடமாகிவிடும். நான் போன கடைகள் இரவு நேரத்தோடு பூட்டிவிடும். வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வந்தால் வாழைப்பழமும் சட்டித் தயிரும்தான். (மட்டக்களப்பு எருமைத் தயிர் அந்த இரவுகளைக் காப்பாற்றியது என்று நன்றியோடு சொல்வேன்.) பெயர்ப்பலகையை மட்டும் நம்பவும் வேண்டாம். முட்டை ரொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் வேறு கடை பாருங்கள்.

கடைசி இரண்டு வாரம் ஆரையம்பதியில், உடன் வேலை செய்த ஒருவரின் மாமி வீட்டில் சாப்பிட்டேன். முருங்கையிலைச் சுண்டல், பலாக்கொட்டைக் கறி, ஒரு நாள் பச்சை மரமுந்திரிகைப் பருப்பைப் பால்விட்டு ஆக்கிய கறி. அப்படி ஒரு கறியை எந்தக் கடையிலும் நான் சாப்பிடவில்லை. ஆனால் அது கேதாரகௌரி விரத காலம்; அந்த 21 நாளும் வீடே சைவம். மற்ற நாள்களில் மீன் சட்டியும் என் சட்டியும் ஒரே அடுப்படியில் எப்படி இருந்திருக்கும் என்று நான் பார்க்கவில்லை. ஆகவே அதை முதலிடத்தில் வைக்கத் துணியவில்லை.

அம்பாறைப் பக்கம் என் அனுபவம் குறைவு. அறுகம்பையில் இரண்டு வேளை சாப்பிட்டேன். வெளிநாட்டுப் பயணிகளுக்காக மரக்கறிக்கு மெனுவில் தனிப் பக்கமே இருந்தது, சட்டி தனியா என்று பார்க்கவில்லை. அக்கரைப்பற்று, கல்முனை வழியாக வெள்ளிக்கிழமை போகிறவர்கள் மத்தியானச் சாப்பாட்டைக் கையில் கொண்டுபோவது நல்லது. ஜும்மா நேரத்தில் முஸ்லிம் கடைகள் சாத்தியிருக்கும்.

இப்போது யாராவது கேட்டால், தங்குமிடத்தைப் பார்க்குமுன் சைவக் கடையைப் பார், அங்கிருந்து நடக்கும் தூரத்தில் அறை எடு என்றுதான் சொல்கிறேன். ஊர் திரும்பிய அன்று பின்னேரம் அந்தக் கடையிலேயே இடியப்பப் பார்சல் வாங்கினேன். "பஸ்ஸில் கிடந்து சொதி புளித்துவிடும், சம்பலை மட்டும் கொண்டு போங்கள்" என்று முதலாளி சம்பலைத் தனியாகக் கட்டித் தந்தார். நள்ளிரவில் வழிக்கடை ஒன்றில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிப் போனார்கள், நான் இருக்கையிலேயே பார்சலைப் பிரித்தேன்.