யாழ்ப்பாணத்தில் எம்ஜி மிட்ஜெற்றுக்கு லோவர் ஆம் மாற்றிய கதை

அப்பாவின் எம்ஜி மிட்ஜெற் என்கிற சின்ன பிரிட்டிஷ் ஸ்போட்ஸ் கார் இன்னும் கரவெட்டியில் சித்தப்பா வீட்டுக் கொட்டிலில்தான் நிற்கிறது. 1967ஆம் ஆண்டு மொடல், 1275 சிசி எஞ்சின், இரட்டை எஸ்யூ காபரேற்றர், இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். 80களின் தொடக்கத்தில் அப்பா கொழும்பில் ஒருவர் பாவித்த காராக வாங்கி ஊருக்கு ஓட்டி வந்தது. அப்பா போய் ஆறு வருசம். நான் லண்டனிலிருந்து போகும்போதெல்லாம் முதல் வேலையாக பற்றரி மாற்றி அதை வெளியே எடுப்பேன். இந்தமுறை மூன்று கிழமை லீவில் போயிருந்தேன், அதில் பாதி இந்தக் காருக்கே போனது, அதைப்பற்றி எழுதினால் ஊரில் பழைய கார் வைத்திருக்கிற வேறு யாருக்காவது பிரயோசனப்படும்.

வந்த இரண்டாம் நாள் ஒழுங்கையில் திருப்பும்போது ஸ்ரியரிங் இறுக்கமாக இருந்தது, முன்பக்கத்தில் காய்ந்த கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம். அதைக் கவனித்திருக்க வேண்டும். பிரதான வீதியில் ஏறுகிற இடத்தில் உள்ள மதகின் விளிம்பில் வலது முன் ரயர் இறங்கியது, பெரிய வேகம்கூட இல்லை, ‘டக்’ என்று ஒரு அடி, கார் அந்தப் பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் ரயரின் அடிப்பக்கம் வெளியே தள்ளி, மேல்பக்கம் மட்காட்டுக்குள் படுத்திருந்தது. நாலு பெடியள் சேர்ந்து தூக்கி, லாண்ட் மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்றில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

உடைந்தது கீழ் ஆம், அதாவது லோவர் ஆம், முன் சக்கரத்தைக் கீழ்ப்பக்கமாகக் காரோடு இணைக்கிற இரும்புக் கை. இந்தக் காரின் முன் சஸ்பென்சன் ஒஸ்ரின் ஏ35இலிருந்து வந்தது, ஸ்ரியரிங் றாக் மொறிஸ் மைனருடையது, எஞ்சினும் அந்தக் குடும்பம்தான். அதனால் ஸ்போட்ஸ் கார் என்று பயப்படாமல் மைனர் தெரிந்த ஆளிடம் போகலாம் என்பது அப்பா எப்போதும் சொல்வது. கீழ் ஆமின் வெளி நுனியில் இரண்டு கண்கள், அவற்றுக்கு நடுவில் கிங்பின்னின் (சக்கரம் இடம் வலம் திரும்புகிற நிமிர்ந்த அச்சு) அடிப்பகுதி, மூன்றையும் ஊடறுத்து மரை வெட்டிய ஒரு தடித்த பின். சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது அந்த மரையில்தான் எல்லாமே திரும்புகிறது. கிறீஸ் போகாவிட்டால் பின் இறுகிவிடும், இல்லாவிட்டால் கண்ணின் மரையைத் தின்றுவிடும். எங்களுடையதில் இரண்டும் நடந்திருந்தது.

முதலில் போன கராஜ் வீதியோரத்தில் பெரிதாக, புது ஜப்பான் கார்கள் நிறைய நின்ற இடம். பொறுப்பாளர் பார்த்துவிட்டு, வெடித்த கண்ணுக்கு வெல்டிங் வைத்து, உள்ளே துளைத்து, பின்னேரம் தரலாம் என்றார். மலிவு, வேகம், மரியாதையான பேச்சு. ஆனால் அந்த ஒரு கண்ணில்தான் முன் சக்கரமே தொங்குகிறது, வெல்டிங் விட்டுப்போனால் அடுத்தமுறை மதகில் நடக்காது, வல்லை வெளியில் பஸ்சுக்கு எதிரே நடக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் சித்தப்பா தனக்குத் தெரிந்த ஒரு அண்ணையிடம் கூட்டிக்கொண்டு போனார். நெல்லியடிப் பக்கம், பெயர்ப்பலகை இல்லை, வேப்பமரத்துக்குக் கீழே ஒரு தகரக் கொட்டில். எழுபது வயது தாண்டியவர். 90களில் போரினால் பெற்றோல் தடை இருந்த காலத்தில் ஒஸ்ரின் ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறை, ஸ்ராட் பண்ண மட்டும் நாலு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டுவிட்டு மிச்சத் தூரம் முழுக்க மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். காரைப் பார்க்க அவரே சைக்கிளில் வந்தார். வெல்டிங் கதையைச் சொன்னதும், “தம்பி, இதுக்கு வெல்டிங் வைக்கிறதும் உங்களைக் கொல்லுறதும் ஒண்டுதான். புது ஆம் எடுப்பியுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்” என்றார்.

கழற்றுவதற்கே இரண்டு நாள். முன் ஸ்பிறிங் இறுகி நிற்கும்போது அதன் அடித்தட்டை அப்படியே கழற்றக்கூடாது, பாய்ந்து வந்தால் ஆள் தப்பாது. அவர் தட்டின் நாலு ஆணிகளில் எதிரெதிரான இரண்டை எடுத்துவிட்டு, ஒரு அடி நீளத்தில் மரை போட்ட ஆணிகளை லேத்தில் செய்வித்துப் போட்டு, மாறி மாறிச் சுரை திருப்பி, அரை மணித்தியாலம் எடுத்துத் தட்டை இறக்கினார். அந்தத் தடித்த பின் அசையவே இல்லை. டீசலில் ஒரு இரவு ஊறவிட்டு, காஸ் நெருப்புக் காட்டி, கடைசியில் ஆமுக்கும் கிங்பின்னுக்கும் இடையில் உள்ள சின்ன இடைவெளிக்குள் இரும்பு வாளை விட்டு இரண்டு பக்கமும் அறுத்துத்தான் எடுத்தார். இடையில் இருக்க வேண்டிய கோர்க் வளையங்கள் தூளாகக் கொட்டின. உடைந்த கண்ணைத் துடைத்து, என் சுட்டுவிரலைப் பிடித்து உள்ளே விட்டார். ஒரு பாதியில் மரை கூராகக் கையைக் கீறியது, மற்றப் பாதி கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. “பத்து வருசமா கிறீஸ் போகேல்லை” என்றார். அப்பா நோயில் விழுந்த வருசத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது.

ஆம் தேடி இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன், உடைந்ததை உரப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு. பஞ்சிகாவத்தையில் பழைய பிரிட்டிஷ் சாமான் வைத்திருக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன, மைனர் சாமான்கள் நன்றாகவே கிடைக்கும், பிறேக் சாமானும் எஞ்சின் சாமானும் அங்கேயே எடுக்கலாம். ஆனால் இந்த ஆம் ஒரே ஒரு கடையில்தான் கிடைத்தது. ஏ35இல் கழற்றியது, அளவு ஒன்றுதான் என்று தந்தார்கள். கறுப்பு மை புதிதாக அடித்து, கண்ணுக்குள்ளும் மை. பதினெட்டாயிரம் ரூபா. ஊரில் அண்ணை ஒரு துணியில் தின்னர் நனைத்துக் கண்ணைத் துடைத்ததும் அதே வழுவழுப்பு வெளியே வந்தது. கடைக்காரர் போனில் திருப்பி எடுக்கவே மறுத்துவிட்டார். அந்தக் காசைவிட, மை அடித்து மறைத்து ஒருவரின் சக்கரத்துக்கு விற்கிற அந்த மனம்தான் எனக்கு ஆறவில்லை. அங்கே சஸ்பென்சன் சாமான் எடுக்கப் போகிறவர்கள் தின்னரும் துணியும் கொண்டுபோய், காசு கொடுக்க முன்னர் கடையிலேயே துடைத்துப் பாருங்கள்.

கடைசியில் லண்டனில் மனைவிக்குச் சொல்லி, அங்கே புதிதாகச் செய்து விற்கிற லோவர் ஆம் ஒன்றை, அதன் பின்னும் பூட்டியபடியே எடுப்பித்தேன். கிங்பின், அது திரும்புகிற புஷ் (உள்வளையம்), கோர்க் வளையம் எல்லாம் கூடவே. ஊருக்கு வந்த மச்சான் ஒருவர் தன் பெட்டியில் கொண்டுவந்து தந்தார்.

கிங்பின் புஷ் போடுகிற வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். புது புஷ் சரி அளவில் வராது, அடித்து இறக்கிய பிறகு ரீமரால் உள்ளே சீவ வேண்டும், மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அவரிடம் இருந்தது எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பழைய ரீமர். அரைச் சுற்றுத் திருப்புவார், எடுத்து ஊதுவார், கிங்பின்னை விட்டுப் பார்ப்பார், தலையாட்டுவார், திரும்பவும் அரைச் சுற்று. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் ஒரு விரலால் தள்ளச் சொன்னார். பாரமான ஒரு மெதுமையோடு திரும்பியது, துளியும் ஆட்டம் இல்லை. லண்டனில் நான் காசு கொடுத்துச் செய்வித்த எந்தக் கார் வேலையிலும் இந்தச் சுத்தத்தைக் கண்டதில்லை.

சக்கர நேர் பார்க்க யாழ்ப்பாணத்தில் கணினி வைத்த இடத்துக்குப் போனோம். அவர்களுடைய பட்டியலில் இந்தக் கார் இல்லை, முடியாது என்று நேராகச் சொன்னார்கள், காசும் வாங்கவில்லை. இந்தக் காரில் கம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு), காஸ்ரர் (கிங்பின்னின் முன்பின் சாய்வு) இரண்டையும் மாற்ற வழியே இல்லை, முன் சக்கரங்கள் உள்நோக்கி நிற்கிற அளவை மட்டும் ஸ்ரியரிங் தடியில் சரிசெய்யலாம், பூச்சியத்திலிருந்து எட்டில் ஒரு அங்குலம் வரை. அண்ணை அதை நூல் கட்டி, ரயரில் சோக்கால் கோடு போட்டு, தரையில் படுத்து அளந்தார்.

இடது பக்கத்தையும் கழற்றிப் பார்த்தோம். அங்கே பின் இறுகவில்லை, கிறீஸ் அடித்ததும் கறுப்பாகப் பழையது வழிந்து, பிறகு புதுசு வந்தது. கூலி எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்தாயிரம் ரூபா கேட்டார், அதுவும் இரண்டு தரம் கேட்ட பிறகுதான் தொகையைச் சொன்னார்.

வெளிக்கிட முதல் நாள் சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு வல்லைப் பாலம் வரை ஓடினேன். ஸ்ரியரிங் கையில் இலேசாக நின்றது. கிறீஸ் கன் ஒன்று வாங்கி அவரிடம் கொடுத்து, கிறீஸ் ஏற்றுகிற நிப்பிள் ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் அடையாளம் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், மாதம் ஒருக்கா அடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். முன் சொக் (அதிர்வுதாங்கி) இரண்டிலும் எண்ணெய் கசிகிறது. அந்தக் காலத்து ஆம்ஸ்ரோங் சொக், அதுவே மேல் ஆமும் கூட. அதை ஊரில் திறக்கவேண்டாம் என்று அண்ணை சொல்லிவிட்டார். டிசம்பரில் போகும்போது லண்டனில் புதுப்பித்த சோடி ஒன்றை என் பெட்டியிலேயே கொண்டுபோகிறேன்.