எட்டு வருடம் பாவித்த மைல் கார்ட்: உப்புவெளியில் இருந்து ஒரு கணக்கு

விமான நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து வங்கி தருகிற மைல் கார்ட் ஒன்றை, அதாவது செலவுக்கேற்ப மைல் சேர்ந்து அதைக் கொடுத்து விமான டிக்கெட் எடுக்கக்கூடிய கிரெடிட் கார்ட் ஒன்றை, 2017 இல் எடுத்து, இந்த வருடத் தொடக்கம் வரை பாவித்தேன். இரண்டு பேரின் பெயரையும் எழுதப் போவதில்லை. கணக்குப் போடும் முறை எந்த மைல் கார்டுக்கும் ஒன்றுதான், அதைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் என் நிலைமை. திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் ஆறு அறைகளோடு சின்ன விடுதி ஒன்று நடத்துகிறேன். சித்திரை கடைசியில் ஆட்கள் வரத் தொடங்கினால் செப்டெம்பர் வரை மூச்சுவிட நேரம் இருக்காது, அதற்குப் பிறகு வாடைக்காற்று, மழை, கடலில் கால் வைக்க முடியாது, அறைகள் பூட்டியபடி கிடக்கும். அந்த மழை மாதங்களில்தான் அம்மாவைக் கண் வைத்தியத்துக்குச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். பெயின்ட், மெத்தை, ஏசி சேர்விஸ், புதுத் துவாய், விரிப்பு என்று விடுதிக்கான பெரிய செலவெல்லாம் பெப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் முடிந்துவிடும். இந்தக் காலக்கணக்கை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

எடுத்தபோது வருடக் கட்டணம் 5,000 ரூபா, 150 ரூபா செலவுக்கு ஒரு மைல், கட்டுநாயக்க விமான நிலையத்தில் லவுஞ்ச் என்கிற ஓய்வறைக்கு எத்தனை தடவையும் போகலாம், கூட ஒருவரையும் கூட்டிப் போகலாம். லவுஞ்ச் என்றதும் சொகுசு என்று சிலர் நினைக்கலாம், ஆனால் திருகோணமலையில் இருந்து போகிறவர்களுக்கு அது வேறு விஷயம். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று 200 கிலோமீற்றருக்கு மேல். காலை விமானம் என்றால் முதல் நாள் இரவே வான் பிடித்துக் கிளம்ப வேண்டும், வழியில் யானை மறிக்கலாம், டயர் போகலாம் என்று இரண்டு மணித்தியாலம் கூடுதலாக வைத்துத்தான் புறப்படுவோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. செக் இன், குடிவரவு எல்லாம் முடித்து உள்ளே போனதும் காலை நீட்டி இருக்க ஒரு சாய்வு நாற்காலியும், சூடாக ஒரு தேத்தண்ணியும், பக்கத்திலேயே கழிவறையும் இருந்தது அவருக்குப் பெரிய ஆறுதல். கொழும்பில் இருப்பவர்கள் வீட்டில் தூங்கி எழுந்து வருகிறார்கள், எங்களுக்கு அந்த இரண்டு மணித்தியாலம்தான் தூக்கம். எட்டு வருடத்தில் இந்தக் கார்டில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது அதுதான்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2022 இல் இந்தக் கார்ட் என்னைக் காப்பாற்றியது. அந்த வருட மார்ச்சில் டொலர் 200 சொச்சத்தில் இருந்து ஏறத் தொடங்கி, இரண்டே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ரூபாவில் டிக்கெட் விலை கண்ணைக் கட்டியது, ஆனால் சென்னைக்குக் கேட்கிற மைல் எண்ணிக்கை மாறவில்லை. பழைய ரூபாவில் சேர்த்த மைல்களை வைத்துத்தான் அந்தக் கார்த்திகையில் அம்மாவைக் கொண்டுபோனேன். காசோடு கட்ட வேண்டிய வரிகள் கூடின, அது உண்மை, இருந்தாலும் கையில் அந்த மைல்கள் இல்லையென்றால் அந்த வருட வைத்தியமே தள்ளிப்போயிருக்கும்.

வட்டியும் அதே வருடம்தான் மாறியது. 2020 ஓகஸ்டில் கிரெடிட் கார்ட் வட்டிக்கு 18 வீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள், 2022 ஏப்ரலில் உச்சவரம்பையே எடுத்தார்கள், என் கார்டில் படிப்படியாக 36 வீதம் வரை போனது. 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி மறுபடி 28 வீதம் என்று வரம்பு வைத்தது. எந்த மைலும் அந்த வட்டிக்கு ஈடாகாது, ஒரு மாதச் செலவை ஒரு மாதம் நிலுவை வைத்தாலே இரண்டு மூன்று மாதம் சேர்த்தது போய்விடும். முழுத் தொகையையும் மாதாமாதம் கட்ட முடியாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

சரி, மாற்றத்துக்கு வருகிறேன். போன வருட நடுப்பகுதியில், விடுதி நிரம்பி வழிகிற நேரத்தில், ஒரு எஸ்எம்எஸ் வந்தது: 'உங்கள் கார்டின் நிபந்தனைகள் திருத்தப்பட்டுள்ளன', கீழே ஒரு லிங்க். அவ்வளவுதான். லிங்கைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கிலம், தமிழில் ஒரு வரி இல்லை, முக்கியமான விஷயமெல்லாம் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில். வருடக் கட்டணம் 12,000. 250 ரூபாவுக்குத்தான் ஒரு மைல். மின்சாரம், தண்ணீர், தொலைபேசி, காப்புறுதி, பெற்றோல் செட் ஆகியவற்றுக்கு இனி மைலே இல்லை. லவுஞ்ச் வருடத்துக்கு இரண்டு தடவை, கூட வருபவருக்குக் காசு.

அன்றிரவு கொப்பியில் கணக்குப் போட்டேன். சென்னை போய் வர நான் கடைசியாகப் பார்த்த டிக்கெட் 62,000 ரூபா. அதையே மைலில் எடுத்தால் 20,000 மைலும், வரி, எரிபொருள் கட்டணம் என்று 28,000 ரூபா காசும். ஆக 20,000 மைல் எனக்கு மிச்சம் பிடித்துத் தந்தது 34,000 ரூபா, ஒரு மைல் 1 ரூபா 70 சதம். விளம்பரத்தில் 'இலவச டிக்கெட்' என்று போடுகிறார்கள், டிக்கெட் விலையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நாம்தான் கட்டுகிறோம்.

என் செலவு சராசரியாக மாதம் 120,000. பழைய முறையில் வருடத்துக்கு 9,600 மைல், பெறுமதி 16,320 ரூபா, கட்டணம் 5,000 போக 11,320 இலாபம். புதிய முறையில் அந்தச் செலவில் 40,000 வரை மைல் கிடைக்காத பட்டியலுக்குள் போய்விட்டது, விடுதிக்காரனுக்குக் கரண்ட் பில்தானே பெரிய செலவு. மிச்சம் 80,000. வருடத்துக்கு 3,840 மைல், பெறுமதி 6,528 ரூபா. கட்டணம் 12,000. அதாவது இந்தக் கார்டை வைத்திருப்பதற்காக நான் வருடத்துக்கு 5,472 ரூபா கொடுக்க வேண்டும். ஒரு சென்னைப் பயணத்துக்கு மைல் சேர ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும், மைலுக்கோ காலாவதித் திகதி இருக்கிறது.

கட்டணத்தைவிட என்னை நோகடித்தது லவுஞ்சுக்குப் போட்ட நிபந்தனை. பயணத்துக்கு முந்திய மூன்று மாதத்துக்குள் 300,000 ரூபா செலவழித்திருந்தால்தான் அந்த இரண்டு தடவையும் இலவசம். நான் பயணம் போவது டிசம்பரில். அதற்கு முந்திய மூன்று மாதம் விடுதி வெறுமையாகக் கிடக்கிற காலம், செலவு எப்படி வரும்? மார்ச்சில் மெத்தைக்கும் ஏசிக்கும் கட்டிய பெரிய தொகை எதுவும் கணக்கில் வராது. வருடச் செலவைப் பார்த்தால் நான் நல்ல வாடிக்கையாளன், மூன்று மாதத்தைப் பார்த்தால் தகுதி இல்லாதவன். சீசனை நம்பிப் பிழைக்கிற ஊர்கள் எத்தனை இருக்கின்றன, இந்த நிபந்தனையை எழுதியவர்கள் அதை யோசித்திருக்க வேண்டும்.

கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மூரில் ஏசியோ பிரிட்ஜோ வாங்கப் போனால் கார்ட் என்றதும் 'மூன்று வீதம் கூட வரும் அண்ணா' என்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. அப்படி அறவிடக் கூடாது, ஆனாலும் கேட்கிறார்கள். 250 ரூபாவுக்கு ஒரு மைல் என்றால் திரும்ப வருவது 0.68 வீதம். மூன்று வீதம் கொடுத்து அதை வாங்குவது நஷ்டம், அந்த இடத்தில் காசைக் கொடுத்து விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

வங்கிக்கு அழைத்தேன். தமிழுக்கான இலக்கத்தை அழுத்திவிட்டு நெடுநேரம் காத்திருந்த பிறகு கிடைத்த பிள்ளை பொறுமையாகத்தான் பேசினார், அவரில் பிழை இல்லை. இன்னும் ஐந்து இலட்சம் செலவழித்தால் பாதிக் கட்டணம் தள்ளுபடி என்றார். 6,000 ரூபாவுக்காக ஐந்து இலட்சம் செலவழிக்கிற நிலையில் நான் இல்லை. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை, நீங்களும் கேளுங்கள், கூடச் செலவழிப்பவர்களுக்கு முழுத் தள்ளுபடியே கிடைக்கலாம்.

அதோடு இந்தக் கார்ட் என்னை என்ன செய்து வைத்திருந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. மைல் கட்டுநாயக்கவில் இருந்து பறக்கிற விமானத்துக்குத்தான் என்பதால் நான் வேறு வழியைப் பார்க்கவே இல்லை. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இருந்து சென்னைக்கு 2022 டிசம்பரில் சேவை மறுபடி தொடங்கியது, 2024 செப்டெம்பரில் இண்டிகோ விமானமும் வந்துவிட்டது. இந்த முறை காசு கொடுத்து அந்த வழியால் போனோம். விடியக் கிளம்பி ஹொறவப்பொத்தானை, வவுனியா வழியாகப் பகலிலேயே போய்ச் சேர்ந்தோம். தூரம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் அம்மா இரவு முழுக்க வாகனத்தில் உட்கார்ந்திருக்கத் தேவைப்படவில்லை, சின்ன நிலையம் என்பதால் நடையும் குறைவு. லவுஞ்ச் தேவைப்படவே இல்லை.

லண்டனிலோ தோஹாவிலோ பிள்ளைகள் இருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று நீண்ட பயணம் போகிறவர்கள், மாதம் மூன்று இலட்சத்துக்கு மேல் ஒரே சீராகச் செலவழிப்பவர்கள் வைத்திருக்கலாம், அவர்களுக்கு இன்னும் கணக்கு ஒத்துவரும்.

கார்டை மூடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விமான நிறுவனத்தின் கணக்கில் ஏற்கனவே ஏறிய மைல்கள் கார்ட் போனாலும் அங்கேயே இருக்கும். வங்கியின் கணக்கில் புள்ளிகளாக நிற்பவை கார்டோடு போய்விடும், அவற்றை முதலில் மைலாக மாற்றி, ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் மூடச் சொல்லுங்கள். கார்டில் தானாகக் கழிகிற கொடுப்பனவுகளையும் முன்கூட்டியே நிறுத்துங்கள். நான் ஜனவரியில் கடிதம் கொடுத்தேன், பெப்ரவரி ஸ்டேட்மென்டில் 180 ரூபா நிலுவை என்று வந்தது. சின்னத் தொகைதானே என்று விட்டால் அதுவே கிரிப் எனும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் போய் நிற்கும். கிளைக்கு நேரில் போய்க் கட்டி, கணக்கு மூடப்பட்டது என்று முத்திரை வைத்த கடிதமும் வாங்கிக்கொண்டு வந்தேன்.