கரண்ட் பில், தண்ணி பில் எல்லாம் போனிலேயே: வங்கி ஆப் தேறுமா?

கரண்ட், தண்ணி, டெலிகொம், டிவி, போன் எல்லா பில்லையும் இப்போது வங்கி ஆப்பிலேயே கட்டுகிறேன். திருப்திதான், 5க்கு 4 தாராளமாகக் கொடுப்பேன். அந்த மீதி ஒன்று ஏன் குறைந்தது என்பதைத்தான் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதைத் தொடங்கத் தயங்குகிறவர்கள் பயப்படுவது ஒன்றுக்கு, உண்மையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. காசு களவு போய்விடும் என்று பயப்படுகிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை தலையிடி வருவது காசு கட்டும் இடத்தில் அல்ல, எந்த வீட்டுக்கு எந்த மாதத்துக்கு எவ்வளவு கட்டினோம் என்ற கணக்கு கையில் இல்லாத இடத்தில்.

எந்த வங்கி என்று நான் சொல்லப்போவதில்லை. மக்கள் வங்கி, இலங்கை வங்கி, கொமர்ஷல், சம்பத் என்று எதை எடுத்தாலும் பில் கட்டுகிற பகுதி ஏறத்தாழ ஒன்றுதான்: நிறுவனத்தைத் தெரிவுசெய்து, கணக்கிலக்கத்தை அடித்து, தொகையைப் போட்டால் முடிந்தது. ஃப்ரீமி, ஈசி கேஷ் மாதிரி வாலட்டுகளிலும் கட்டலாம். ஏற்கெனவே சம்பளம் விழுகிற கணக்கு இருக்கும்போது அதற்கு இன்னொரு ஆப், இன்னொரு பின் நம்பர் எதற்கு என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டு நிலைமையைச் சொன்னால்தான் இது ஏன் தேவைப்பட்டது என்று விளங்கும். நாங்கள் இருப்பது மட்டக்களப்பு கல்லடியில். அம்மாவும் அப்பாவும் களுவாஞ்சிக்குடியில். தங்கச்சி குடும்பத்தோடு கட்டாரில், அவளுடைய ஆரையம்பதி வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆனாலும் அங்கே கரண்டும் இருக்கிறது, தண்ணி மீட்டரும் இருக்கிறது. ஒரு யுனிட் ஓடாவிட்டாலும் மாதாந்த நிலையான கட்டணம் வந்துகொண்டே இருக்கும், கட்டாமல் விட்டால் சிவப்பு பில் கேற்றில் தொங்கும், மறுகா லைனை வெட்டினால் திரும்ப இணைக்க வேறாகக் காசு. மூன்று வீட்டுக்கும் மூன்று கரண்ட் பில், மூன்று தண்ணி பில், மீட்டர் வாசிக்க வருகிற நாளும் வெவ்வேறு. தபால் கந்தோரில் பாதி, கொமினிகேஷன் கடையில் பாதி, அப்பா போகிற வழியில் வங்கியில் கட்டினது மீதி என்று இருந்தால் மாதக் கடைசியில் எது கட்டியது எது கட்டாதது என்று யாருக்கும் தெரியாது.

முன்பென்றால் சில நூறு ரூபா பில் ஒன்று தவறினாலும் பெரிதாகத் தெரியாது. 2022 ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்தார்கள், ஜூனில் திரும்ப 15 வீதம் கூட்டினார்கள். இப்படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது போன மாதம் என்ன கட்டினோம் என்று கண்முன்னே இருக்க வேண்டும். ஆப்பின் பெரிய நன்மை எனக்கு இதுதான், வரிசையில் நிற்காமல் தப்பிப்பது இரண்டாவதுதான்.

சரி, எப்படி ஒழுங்குபடுத்துவது. ஆப்பில் ஒவ்வொரு பில்லையும் சேமித்து வைக்கும்போது அதற்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லும். பலர் அந்த இடத்தில் 'கரண்ட்' என்று மட்டும் போடுகிறார்கள், அல்லது ஆப் தானாகப் போடுகிற நிறுவனப் பெயரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரு வீடென்றால் பரவாயில்லை. இரண்டு வீடு வந்ததும் அந்தப் பட்டியல் ஒன்றுக்கும் உதவாது, எல்லாமே 'மின்சார சபை' என்றுதான் நிற்கும். நான் வைத்திருப்பது 'கல்லடி கரண்ட்', 'கல்லடி தண்ணி', 'அம்மா கரண்ட்', 'தங்கச்சி தண்ணி' என்று. பெயர் வைக்க ஒரு நிமிடம் போகாது, ஆனால் அவசரத்தில் தங்கச்சி வீட்டுக் காசு அம்மா வீட்டுக் கணக்கில் போய் விழாமல் காப்பாற்றுவது அந்தப் பெயர்தான்.

மின்சார சபைக் கணக்கு இலக்கம் பத்து இலக்கம் கொண்டது. அதைப் பழைய ரசீதிலிருந்தோ யாரோ கையால் எழுதிய துண்டிலிருந்தோ எடுக்காமல் பில்லிலிருந்தே பார்த்து அடியுங்கள், 1க்கும் 7க்கும் கையெழுத்தில் வித்தியாசம் தெரியாது. இலக்கத்தை அடித்ததும் சில ஆப்கள் கணக்குக்காரரின் பெயரைக் காட்டும், அது பெரிய நிம்மதி. எங்கள் கல்லடி வீட்டுக்கு இன்னும் பெத்தப்பாவின், அதாவது தாத்தாவின், பெயர்தான் வருகிறது. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தானே போகும், அம்மாவுக்கு வந்து எனக்கு வந்தும் கரண்ட் பில்லில் பெயர் மாற்ற ஒருவரும் போகவில்லை. இப்படிப் பல வீடுகள் இருக்கும், அதனால் திரையில் வேறு பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம், பில்லில் உள்ள பெயரோடு ஒத்துப்பாருங்கள். பெயரே காட்டாத ஆப் என்றால் முதல் தடவை நூறு ரூபா மட்டும் கட்டிவிட்டு, மின்சார சபையின் 1987க்கு அடித்து அந்தக் கணக்கில் விழுந்ததா என்று கேட்டுவிட்டு மீதியைக் கட்டலாம். தண்ணிக்கென்றால் 1939. பகுதி பகுதியாகக் கட்டுவதில் பிழை ஒன்றுமில்லை.

இப்போது அந்தக் குறைந்த ஒரு மார்க். நாங்கள் முன்பு பாவித்த ஒரு ஆப்பில் களுவாஞ்சிக்குடி பில்லைக் கட்டினோம், கணக்கிலிருந்து காசு கழிந்தது, குறுஞ்செய்தியும் வந்தது, ஆனால் ஆப்பில் அந்தக் கட்டணம் 'நிலுவையில்' என்றே நின்றது. அடுத்த மாத பில்லில் பழைய தொகை அப்படியே முன் நிலுவையாக ஏறியிருந்தது. வங்கிக்கு அடித்தால் எங்கள் பக்கம் போய்விட்டது என்றார்கள், மற்றப் பக்கம் கேட்டால் எங்களுக்கு வரவில்லை என்றார்கள். கடைசியில் காரியம் நடந்தது ஒரே ஒரு விஷயத்தால்: அந்தக் கட்டணத்துக்கான குறிப்பிலக்கம் (ரெஃபரன்ஸ் நம்பர்) எங்களிடம் இருந்தது. அதைக் கொடுத்த பிறகுதான் தேடிப் பார்த்தார்கள், காசு திரும்ப வந்தது. அது இல்லாமல் 'நான் போன மாதம் கட்டினேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்திருந்தால் யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள்.

இதில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் கணக்கிலிருந்து காசு கழிவது அந்த நொடியே நடக்கும், ஆனால் பில்காரரின் பேரேட்டில் அது பதிவாவதற்கு நேரம் எடுக்கலாம், இடையில் போயா, சனி, ஞாயிறு வந்தால் இன்னும் தள்ளும். அந்த இடைவெளியில் மீட்டர் வாசித்து பில் அடித்துவிட்டால் கட்டிய தொகையும் நிலுவையாகத் தெரியும். அதைப் பார்த்ததும் அவசரப்பட்டு இன்னொரு தடவை கட்டிவிடாதீர்கள். பில்லில் உள்ள திகதியையும் நீங்கள் கட்டிய திகதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டு தரம் கட்டினாலும் கூடுதல் தொகை உங்கள் கணக்கில் வரவாகத்தான் நிற்கும், காணாமல் போகாது, ஆனால் மாதக் கடைசியில் கையிலிருக்கிற காசு அங்கே போய் முடங்குவது யாருக்கு வேண்டும்.

அதனால் எங்கள் குடும்பத்தில் 'வீட்டு பில்' என்று ஒரு வட்ஸ்அப் குழு. பில் வந்ததும் அதன் படம், கட்டியதும் ரசீதின் ஸ்க்ரீன்ஷொட், இரண்டும் அதில் விழ வேண்டும், வேறு பேச்சு அங்கே கிடையாது. ஆரையம்பதி வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்காதான் கேற்றில் சொருகியிருக்கும் பில்லை மழையில் நனையமுதல் எடுத்துப் படம் அனுப்புவார். தங்கச்சி கட்டாரில் இருந்தே பார்த்துக்கொள்கிறாள். அவளே கட்டலாம்தான், ஆனால் ஓடிபி இங்கே பதிந்த இலங்கை நம்பருக்குத்தான் போகும், அந்த சிம் அங்கே ரோமிங்கில் உயிரோடு இருக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் போகமுதல் வங்கியோடு பேசி இதைச் சரிசெய்துவிட்டுப் போங்கள், போன பிறகு செய்வது பெரும்பாடு.

தொகையைப் பார்த்துக் கட்டிவிட்டு பில்லை எறிந்துவிடுகிறவர்களுக்கு இன்னொன்று. ஆப்பில் தெரிவது தொகை மட்டும்தான். எத்தனை யுனிட், எத்தனை நாளைக்கு என்பது பில்லில்தான் இருக்கிறது. வீட்டுப் பாவனைக்கு 30 நாளில் 60 யுனிட் என்பது முக்கியமான எல்லை, அதைத் தாண்டினால் முதல் யுனிட்டிலிருந்தே விலைக் கணக்கு மாறும், நிலையான கட்டணமும் கூடும். மீட்டர் வாசிக்கிறவர் பிந்தி வந்தால் அந்த எல்லையும் நாளுக்கு இரண்டு யுனிட் வீதம் நீளும், 33 நாளென்றால் 66. அம்மா வீட்டில் பாவனை அந்த எல்லையை ஒட்டித்தான் ஓடுகிறது. அதனால் அப்பா மீட்டரையும் படம் எடுத்துக் குழுவில் போடுகிறார், பில்லில் உள்ள வாசிப்போடு ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகுதான் கட்டுவோம். மாதாமாதம் தானாகவே கழிகிற மாதிரிப் போட்டுவிடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். டெலிகொம், டிவிக்குச் சரி, அவை பெரும்பாலும் ஒரே தொகை. கரண்டுக்கு நான் போடமாட்டேன், வாசிப்புப் பிழையோடு வந்த பில்லும் கேள்வியில்லாமல் கழிந்துவிடும்.

கட்டணம் பற்றிக் கேட்பீர்கள். பில் கட்டுவதற்கு எத்தனையோ வங்கிகள் ஒன்றும் எடுப்பதில்லை, வேறு வங்கிக் கணக்குக்குக் காசு அனுப்பினால் 25 ரூபா போல. களுவாஞ்சிக்குடிக்கு பஸ்ஸில் போய்வரும் காசோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை.

எல்லோருக்கும் இது சரிவரும் என்று சொல்ல மாட்டேன். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் கொக்கட்டிச்சோலை தாண்டி உள்ளே போனால் சில இடங்களில் சிக்னல் ஒரு கோடு, ஓடிபி வந்துசேரமுதல் அதன் நேரம் முடிந்துவிடும். மழைக்காலத்தில் கரண்டும் டவரும் சேர்ந்து போனால் கல்லடியிலும் அதே கதிதான். அந்த மாதிரி நேரத்துக்குக் கொமினிகேஷன் தம்பிமார் வேண்டும், அவர்கள் சின்னதாக ஒரு கட்டணம் எடுத்தாலும் கையோடு ரசீது தருகிறார்கள். ஆனால் ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: உங்கள் வங்கி ஆப் உள்ள போனையும் பின் நம்பரையும் சேர்த்துக் கடையில் கொடுத்து 'தம்பி, இதில கட்டித் தாங்க' என்று கேட்பது. வயதான பலர் இப்படிக் கொடுக்கிறார்கள், பார்க்கவே நெஞ்சு பதறுகிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், பின்னால் வரிசையில் நிற்கிறவர் யாரென்று தெரியாது. கடையில் கட்டுவதென்றால் காசாகக் கொடுத்துக் கட்டுங்கள்.

சோலைவரி (வீடு, காணிக்கான வரி) மாதிரி உள்ளூர் சபைக்குக் கட்டுகிறவை முன்பு பெரும்பாலும் ஆப்பில் கிடையாது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அரச நிறுவனங்களுக்கு இணையத்தில் காசு கட்டும் கோவ்பே (GovPay) முறையைத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு நிறுவனமாகச் சேர்ந்துகொண்டு வருகிறது. உங்கள் வங்கி ஆப்பில் அந்தப் பகுதியைத் திறந்து உங்கள் நகரசபையோ பிரதேச சபையோ பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டை விட்டு வெளிக்கிடுங்கள்.

வங்கிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது, அதைச் செய்தால் ஐந்துக்கு ஐந்தும் கொடுப்பேன். நான் கட்டிவிட்டுச் சொன்னால் அம்மா கேட்கிறது ஒன்றுதான்: "கட்டினதுக்கு என்ன சாட்சி புள்ள, கடதாசி ஒண்டும் வரல்லையே?" ரசீதைப் போனில் காட்டினால் அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆப்பின் முன்பக்கத்தில் தமிழ் இருக்கிறது, உள்ளே போகப் போகத் தேய்ந்து, கடைசியில் வரும் ரசீதும் குறுஞ்செய்தியும் முழுக்க ஆங்கிலம். தொகை, திகதி, எந்த வீடு, கட்டியாயிற்று, இந்த நாலு விஷயம் தமிழில் வந்தால் போதும், அம்மா தன்னுடைய பில்லைத் தானே கட்டிக்கொள்வார். உங்கள் வங்கியின் ஆப்பில் கருத்துச் சொல்லும் இடம் இருந்தால் நீங்களும் இதைக் கேளுங்கள், ஒரு ஆள் கேட்டால் அசைய மாட்டார்கள்.